இரண்டாவது டிரைவும் மூழ்காத புத்தகமும்

டூ ஹார்பர்ஸ், மின்னசோட்டா
அக்டோபர் 1988, ஞாயிறு காலை

அன்புள்ள ரெய்னோவுக்கு,

நான் நலம். நீயும் காலுறை நனையாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் நல்ல செய்தி. என் புத்தகம் பிழைத்துவிட்டது, ஒரு வரிகூடப் போகவில்லை. டெட்ராய்ட்டில் அஞ்சல் படகுக்காரர் இந்தக் கடிதத்தை வாளியில் போட்டு மேலே அனுப்பும்போது நீ சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தால், வேலை முடிந்த பிறகே பிரி. மீதியை ஆற அமரப் படிக்க வேண்டும்.

சூ லாக்ஸ் மதகில் கப்பல் நின்றபோது போன் செய்தாயே, "நான் அழிச்சிட்டேன் ஐலி. மூணு வருஷம் நீ எழுதுனது. இனிமே உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று. அதோடு விட்டிருக்கலாம். ஜனவரியில் ஏரி உறைந்து கப்பலைத் துறையில் கட்டிப்போட்டதும் வீட்டுக்கு வராமல் டொலீடோவிலேயே குளிர்கால வேலை பார்க்கப் போவதாகவும் சொன்னாய். புத்தகம் போனதற்குக்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. இதற்கு வந்தது.

கப்பலில் இரும்புத் தாதுக்கல் ஏற்றி முடிப்பதற்குள் வீட்டுக்கு ஓடிவந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் பிரிக்கிற ஆள் இந்த ஊரிலேயே நீ ஒருவன்தான். நான் வைத்த மீன் சூப் ஆறிப்போனது. பழைய டிரைவில் இடம் தீர்ந்துவிட்டது, புத்தகம் பெருத்துக்கொண்டே போகிறது என்று இரண்டாவதாக ஒரு டிரைவை ஆசையாக வாங்கி வந்தாய். அது எனக்குத் தெரியாதா? மாட்டியதும் புத்தகத்தின் கோப்புறை காலியாகத் தெரிந்தது. பழைய டிரைவையே தவறுதலாக அழித்துவிட்டோம் என்று முடிவுகட்டி, முகம் வெளுத்துக் கப்பலுக்கு ஓடினாய்.

ஊர் கம்ப்யூட்டர் கிளப்பிலிருந்து வெர்லினை வரவழைத்தேன். கேபிளைக் கழற்றி மாட்டினார். டிரைவின் பின்பக்கம் இருக்கிற குட்டி முனைகளை இடம் மாற்றினார், பிறகு திரும்பவும் பழைய இடத்திலேயே வைத்தார். என் காபி கேக்கில் பாதி தீர்ந்த பிறகு, "மனசத் தேத்திக்கோம்மா. உன் வீட்டுக்காரன் துடைச்சு எடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிளாப்பியில் நான் கடைசியாக நகல் எடுத்தது ஈஸ்டருக்கு முன்பு. பதிப்பாளருக்கோ கிறிஸ்துமஸுக்குள் முழுதும் போக வேண்டும். அன்று நானும் கொஞ்சம் அழுதேன். மறைக்க மாட்டேன்.

பிறகு பாத்திரம் துலக்கும்போது ஒன்று தோன்றியது. புத்தகம் அழிந்திருந்தால் பழைய டிரைவில் இடம் காலியாகியிருக்க வேண்டுமே! கை ஈரத்தோடு போய், கம்ப்யூட்டரை ஓட்டும் யூனிக்ஸிடம் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டேன். மிச்சம் ஏதும் இல்லை. முன்பிருந்ததுபோலவே கழுத்துவரை நிரம்பியிருந்தது. அப்படியானால் என் அத்தியாயங்கள் அங்கேதானே இருக்கின்றன?

நீ செய்தது இதுதான். புத்தகத்துக்கு நிறைய இடம் கிடைக்கட்டும் என்று, புது டிரைவை நேராகப் புத்தகத்தின் கோப்புறை மேலேயே பொருத்திவிட்டாய். மேசையில் தாள்கள் கிடக்க, அவற்றின் மேலேயே புது விரிப்பை விரித்த மாதிரி. தாள்கள் எங்கேயும் போகவில்லை, விரிப்புதான் தெரிந்தது. போதாததற்கு, கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அந்த விரிப்பைத் தானாகவே விரிக்கும்படியும் எழுதி வைத்திருந்தாய். அவசரத்திலும் அவ்வளவு ஒழுங்கு உனக்கு!

புது டிரைவை விலக்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் மறுத்தது, யாரோ உள்ளே வேலை செய்கிறார்களாம். யார் என்று தேடினால் நானேதான். அந்தக் கோப்புறைக்குள் உட்கார்ந்துகொண்டே அதைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறேன். வெளியே வந்து மறுபடி சொன்னேன். எல்லா அத்தியாயங்களும் வரிசையாக வந்து நின்றன. சமையலறையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன் ரெய்னோ. வெர்லினுக்குப் போன் செய்து சொன்னேன். மீதிக் கேக்கோடு கொண்டுபோன பாத்திரத்தை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

இப்போது புது டிரைவுக்குத் தனியிடம் ஒதுக்கி உன் பெயரை வைத்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை. கடைசி அத்தியாயத்தில், புயலில் சுக்கான் பிடிப்பவனுக்குக் கை எப்படி இருக்கும் என்று எழுத வேண்டும். அது எனக்குத் தெரியாது, நீ எதிரே உட்கார்ந்து சொன்னால்தான் எழுத முடியும். பதிப்பாளரிடம் பிப்ரவரி வரை தவணை கேட்டுவிட்டேன். ஆகவே டொலீடோ கிடையாது.

கப்பல்காரனைக் கட்டிக்கொண்டு, மூழ்கிய கப்பல்களைப் பற்றியே எழுதுகிறாளே என்று ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நவம்பர் வரப்போகிறது. ஏரி அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், புயல் ஓயும்வரை கரையோரம் ஒதுங்கி நிற்கலாம் என்று கேப்டன் சொன்னால் மறு பேச்சுப் பேசாதே.

கடவுள் உன்னையும் உன் கப்பலையும் நீருக்கு மேலேயே வைத்திருக்கட்டும். என் புத்தகத்தில் இருக்கிற கப்பல்கள் போதும்.

உன்னுடைய,
ஐலி