காற்றைப் பார்த்த ஆறு கதவுகள்

காம்னா வாஸ்
நவம்பர் 14

அன்புள்ள நேவெங்காவுக்கு,

நீ நலமா என்று அன்பாக விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்டுவைக்கிறேன். லிஸ்பனில் இன்னும் வெயில் அடிக்கிறதாமே. போன் செய்தால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் ஒரு இதயப் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இதையாவது கடைசி வரை படி.

இங்கே காம்னா வாஸில் முதல் புர்யாக் காற்று வந்துவிட்டது. மூன்று நாளாக வடகிழக்கிலிருந்து அடித்துத் தள்ளுகிறது. மலைச்சாலையில் லாரிகளை நிறுத்திவிட்டார்கள். நம் ஆபீஸ் ஜன்னலில் இருந்த பூந்தொட்டி எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டது. அந்தக் காற்று வருடாவருடம் செய்கிற வேலைதான் இதெல்லாம், விடு.

இந்த வருடம் புதிதாக ஒன்று நடந்திருக்கிறது. நாம் வரைந்த வீடுகளில் கீழ் வரிசை முதல் வீட்டில் இருக்கும் தாரிங்காவை உனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்கு முடி வெட்டுகிறவள், உனக்கும் வெட்டியவள். காலையில் கடைக்குக் கிளம்பிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே காலை வைத்திருக்கிறாள். காற்று அந்தக் கதவைத் திருப்பி அவள் வலது கைமேல் அறைந்துவிட்டது. இரண்டு விரல் நசுங்கிப்போயிற்று, அதுவும் கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த வரிசையில் ஆறு வீட்டுக்காரர்களும் ஜன்னல் வழியாகத்தான் எனக்குக் கையாட்டினார்கள். கதவைத் திறக்க முடியவில்லை. வெளிப்பக்கம் திறக்கிற கதவு, வெளியே காற்று முட்டுக்கொடுத்து நிற்கிறது, யாரால் திறக்க முடியும்? மேல் வரிசையின் கூரையைத் தாண்டி விழுகிற காற்று முற்றத்தில் சுழன்று நேரே அவர்கள் கதவில்தான் வந்து மோதுகிறது. மேல் வரிசைக்காரர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் கதவு தென்மேற்கே பார்க்கிறது, முதுகுச் சுவர் காற்றை வாங்கிக்கொள்கிறது. நாம் வரைந்தபடி.

இதை உனக்கு நான் விளக்க வேண்டியிருப்பதுதான் கொடுமை. ஒரு குளிர்காலம் முழுக்க அந்தச் சரிவில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டி, எந்த இடத்தில் துணி கிழிகிறது, எந்த இடத்தில் சும்மா தொங்குகிறது என்று அலைந்து வரைபடம் போட்டது யார்? நீயும் நானும். நம் காற்று ஆய்வை ஊரே மெச்சியது. எல்லாக் கதவும் தென்மேற்கே, வடகிழக்கில் வெறும் சுவர் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தோம். பிறகு சமர்ப்பிக்கிற அன்றைக்கு உனக்கு ஓர் அழகுணர்ச்சி வந்தது. இரண்டு வரிசையும் ஒரே பக்கம் பார்த்தால் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது, எதிரெதிரே இருந்தால்தான் முற்றம் மாதிரி இருக்கும் என்றாய். கணினியில் கீழ் வரிசையை மட்டும் பிடித்துக் கண்ணாடி பிம்பம்போல் திருப்பி மிரர் செய்தாய். ஒரே ஒரு சொடுக்கு, அவ்வளவுதான்! கதவு, நடை, வெறும் சுவர், துணி துவைக்கிற அறையின் குட்டி ஜன்னல் எல்லாம் சமர்த்தாகத் திரும்பிக்கொண்டன. காற்று மட்டும் திரும்பவில்லை.

பட்டறையில் வீட்டுப் பலகைகளை வெட்டுகிற சி.என்.சி. மெஷின் கேள்வி கேட்காது. வந்த ஃபைலை வெட்டித் தள்ளியது. பலகைகள் மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியதைப் பார்த்து நாம் இருவரும் தளத்தில் நின்று கைதட்டினோம். கோணலாகக் கட்டியிருந்தால் யாருக்காவது உறுத்தியிருக்கும். இது அவ்வளவு கச்சிதமான தப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுச் சங்கத்தின் இரண்டாம் கட்ட வீடுகளுக்கு அதே ஃபைல்தான் பட்டறையில் இருக்கிறது. டிசம்பரில் வெட்ட ஆரம்பிக்கிறார்கள். சங்கத் தலைவர் ஸ்மாகோவிடம் ஃபைலை மாற்ற வேண்டும் என்றேன். அவர், “ரெண்டு பேரும் சேர்ந்துதானே கையெழுத்துப் போட்டீங்க? மாத்தறதுக்கும் ரெண்டு கையெழுத்து வேணும்மா. உன் ஒருத்தி பேச்சைக் கேட்டு நான் பட்டறையை நிறுத்த முடியாது” என்றார். அவர் சொல்வது நியாயம். திருத்திய ஃபைலை அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு உடனே கையெழுத்திட்டு அனுப்பு.

தாரிங்கா உன்னைக் கேட்டாள். கையில் கட்டோடு, இடது கையால் எனக்கு யோத்தா சூப்பை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, “நேவெங்கா நல்லா இருக்காளா? அங்க யாரு அவளுக்கு முடி வெட்டிவிடறாங்க?” என்று கேட்டாள். கதவுக்கு யார் காரணம் என்று அவளுக்குத் தெரியாது. சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
ப்ரேடா

காம்னா வாஸ்
நவம்பர் 27

நேவெங்காவுக்கு,

“அன்புள்ள” என்று எழுதப் பேனா மறுக்கிறது. உன் கடிதம் வந்தது. நல்ல தாள், நல்ல கையெழுத்து. அதில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை.

என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். இந்த வீடுகளை நாம் அனுப்பியிருக்கும் கட்டடக்கலைப் போட்டியின் பரிசுக்குழு வந்து பார்த்து முடிவு சொல்லும்வரை ஃபைலைத் தொடாதே என்கிறாய். திருத்தம் என்று ஒரு தாள் வெளியே போனால் தப்பு என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். ஆகிவிடட்டுமே! தப்புதானே? அதோடு நின்றாயா? பரிசு மலருக்கு நீ அனுப்பிய குறிப்பில், கீழ் வரிசை வேண்டுமென்றே காற்றை எதிர்கொள்கிறது, வாசல் நிலத்தோடு உரையாடுகிறது என்று வாய் கூசாமல் எழுதியிருக்கிறாய். கீழே என் பெயரையும் போட்டிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? படித்ததும் ஆபீஸில் தனியாக நின்று கத்தினேன். கேட்க ஆளில்லாமல் போனதுதான் வருத்தம்.

நீ ஆசைப்பட்ட பரிசுக்குழு நேற்று வந்தது. எல்லாரும் ஜூன் மாதப் புகைப்படங்களைப் பார்த்து மயங்கி வந்தவர்கள். காற்றே இல்லாத நாளில் எடுத்தவை. நேற்று புர்யா அடித்துக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் ஒரு பெரிய பேராசிரியர், மெல்லிய மேலங்கி, பட்டுக் கழுத்துத்துண்டு. காற்று சற்று ஓய்ந்த நேரத்தில் தாரிங்காவின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். பலகை இணைப்புகளைத் தடவித் தடவிப் பார்த்து “ஆகா” என்றார். வெளியே போகலாம் என்று கதவைத் தள்ளினார், அது அசையவில்லை. உதவியாளரும் சேர்ந்து தள்ளினார். ஸ்மாகோவும் போய்த் தோள் கொடுத்தார். மூன்று ஆண்கள் முகம் சிவக்கத் தள்ள, கதவு ஒரு கையகலம் திறந்து மறுபடி படார் என்று மூடிக்கொண்டது.

“வேற வழி இல்லையா?” என்று பேராசிரியர் கேட்டார்.

“இருக்கு, நாங்க தினமும் போற வழி. ஆனா கொஞ்சம் வயித்தை உள்ள இழுத்துக்கணும்” என்றாள் தாரிங்கா.

துணி துவைக்கிற அறையின் குட்டி ஜன்னல் வழியாக, வாளிமேல் ஏறி, அந்தப் பெரிய மனிதர் தென்மேற்குப் பக்கம் வெளியே குதித்தார். மேலங்கி கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. அப்பாடா, இப்போதாவது புரியும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், நேவெங்கா. அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணெல்லாம் பளபளக்க என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “பிரமாதம்! குறிப்புல படிச்சப்பக்கூட எனக்குப் புரியலைம்மா. இது காத்தோட பேசற வீடு!” என்றார்.

ஜன்னலுக்குள்ளிருந்து தாரிங்கா கட்டுப் போட்ட கையை வெளியே நீட்டினாள். “பேசுதா? என் விரலைக் கடிச்சிருச்சு ஐயா, அதைக் குறிச்சுக்கங்க” என்றாள்.

அவர் சிரித்தார், அவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தாரிங்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “ப்ரேடா, அவரு என்னமோ குறிப்புங்கறாரே, என்ன குறிப்பு?” என்று கேட்டாள். நான் சொன்னேன். கதவு அப்படி இருப்பது வேண்டுமென்றே என்று எழுதியிருக்கிறது என்றேன். நீட்டிய கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். “தெரிஞ்சேவா வச்சீங்க?” என்றாள்.

இந்தக் கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். தெரியாமல் செய்தோம் என்றால் அவள் திட்டிவிட்டு விட்டிருப்பாள். உன் அழகான குறிப்பு அந்த வழியையும் அடைத்துவிட்டது. தெரிந்தே ஒருத்தியின் விரலைக் கதவிடுக்கில் வைத்தவர்களாக நம்மை ஆக்கிவிட்டாய். ஒரு பரிசுக்காக!

காலையில் முடிவு வந்தது. நமக்குத்தான் முதல் பரிசு. வாழ்த்துகள்.

பட்டறையில் திங்கட்கிழமை மெஷினை ஓட்டப் போகிறார்கள்.

ப்ரேடா

காம்னா வாஸ்
டிசம்பர் 2

அன்புள்ள நேவெங்காவுக்கு,

மெஷின் ஓடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன். எல்லாரும் வந்திருந்தார்கள், இரண்டாம் கட்டத்தில் வீடு கேட்டிருப்பவர்களும். கீழ் வரிசைத் தளவரைபடம் தப்பு, அதற்கு ஆதரவாக இனி என் பெயர் இல்லை என்று எழுதிப் படித்தேன். மாற்றத்தான் இரண்டு கையெழுத்து வேண்டும். விலக ஒன்று போதும். இரண்டு பேரில் ஒருத்தி விலகிய வரைபடத்தைச் சட்டப்படி வெட்ட முடியாது. அதோடு நம் ஆபீஸின் கதை என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், அதை இங்கே எழுதப் போவதில்லை.

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கீழ் வரிசை கடைசி வீட்டுக்காரர், “எங்க வீட்டை என்ன கண்ணாடில பார்த்தா கட்டினீங்க?” என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான் என்றேன். ஸ்மாகோ, “மெஷின் தப்பா?” என்று எனக்கு ஒரு வழி காட்டப் பார்த்தார், பாவம், நல்ல மனிதர். மெஷின் சொன்னதைச் செய்தது என்றேன். அப்படியென்றால் அதைத் திருப்பிப் போட்டது யார் என்று கேட்டார்கள். நாங்கள் என்றேன். எத்தனை முறை கேட்டும் நாங்கள் என்றுதான் சொன்னேன்.

குறிப்பு பற்றியும் சொன்னேன். தெரிந்து செய்யவில்லை, தப்பு நடந்த பிறகு அதற்குப் பூசிய பூச்சு அது என்றேன். தாரிங்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது, “நீ சொன்னா போதாது. எழுதினவ சொல்லணும்” என்றாள். ஒரு விரல் இனி மடங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கடையில் உட்கார்ந்து இடது கையால் ஒரு பொம்மைத் தலைக்கு வெட்டிப் பழகுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

நடக்க வேண்டியது இதுதான். ஆறு வீட்டிலும் தென்மேற்குச் சுவரில் இரண்டு பலகைகளைக் கழற்றிப் புதிய கதவுப் பலகை பொருத்தலாம். காற்றுப் பக்கக் கதவை மூடிவிடலாம். கழற்றி மாட்டுகிற மாதிரி இணைப்புகளை வரைந்தது நீ. அந்தப் புண்ணியம் உனக்கு உண்டு, கோபத்திலும் அதை மறுக்க மாட்டேன். புதிய வரைபடத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேலே உன் இடம். பக்கத்து ஊர் ஆர்க்கிடெக்ட் யாரையாவது போடச் சொல்லலாமே என்றார் ஸ்மாகோ. வேண்டாம், பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஜனவரிக் காற்றுக்கு முன் வேலை முடிய வேண்டும், ரொம்ப நாள் பொறுக்க மாட்டார்.

பரிசுக்குழுவுக்கு நான் எழுதவில்லை. எழுதுவது சுலபம், இரண்டு வரிதான். ஆனால் அதை நான் எழுதினால் உன்னைக் காட்டிக்கொடுத்ததாகும், நீ சொன்னால் அது வேறு. விழா அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் வரவில்லை. உன் கையில் மைக்கைக் கொடுப்பார்கள். நன்றி சொல்வதற்கு முன்னால், கீழ் வரிசை தப்பாகத் திரும்பிவிட்டது, நாங்கள் அதைச் சரிசெய்கிறோம் என்று மட்டும் சொல். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்தப் பேராசிரியர் என்ன முகம் வைத்துக்கொண்டாலும் கவலைப்படாதே.

வெறும் காபியைக் குடித்துவிட்டு மேடை ஏறாதே, உனக்குக் கை நடுங்கும். ஏதாவது சாப்பிட்டுப் போ. அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொள், உனக்கு எடுப்பாக இருக்கும். குளிர்காலம் முழுக்க நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நிஜமாகவே வேண்டிக்கொள்கிறேன். சொல்லிவிட்டாய் என்றால் மறுநாளே கிளம்பி வா. ரயிலடியில் நான் நிற்பேன், தாரிங்கா வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். சொல்லாவிட்டால் என்ன என்று எழுத உட்கார்ந்து, இந்தப் பக்கத்தை நான்கு முறை கிழித்துவிட்டேன். சொல்லிவிடு, நேவெங்கா.

இன்னும் உன்,
ப்ரேடா