வடக்கே ஓடும் ஆறு

மல்வேர்ன், ரொறன்ரோ
17 பங்குனி 1996

அன்பு மகள் துர்க்காவுக்கு,

அப்பா இங்கே சுகம். நீயும் அம்மாவும் சுகம் என்று ஒற்றை வரியில் எழுதித் தப்ப வேண்டாம், உன் இருமல் நின்றதா, அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று தனித்தனியாக எழுது. முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன், சுற்றிவளைக்க எனக்கு வராது. பள்ளிக்கூடக் கட்டுரைக்கு நீ கீறிய வரைபடத்தில் உங்கள் சுவிஸ் பள்ளத்தாக்கின் ஆறு வடக்கே ஓடுவதாக அம்புக்குறி போட்டிருந்தாய். நீ போட்டதுதான் சரி. கடல் தெற்கே இத்தாலிப் பக்கம் கிட்ட இருக்க ஆறு ஏன் வடக்கே போகும் என்று சிவப்புப் பேனையால் அதைத் திருப்பிப் போட்டு அனுப்பியவன் நான். அப்பா நிலம் அளக்கிற சேவையர், பிழை விடமாட்டார் என்று நீ அதை அப்படியே மாற்றிக் கொண்டுபோனதையும் வகுப்பு முழுக்கச் சிரித்ததையும் அம்மா எழுதியிருந்தார். வீட்டு ஜன்னலால் தினமும் பார்க்கிற ஆற்றை விட்டுவிட்டு என் அம்புக்குறியை நம்பியிருக்கிறாய் பிள்ளை.

நூலகத்தில் பெரிய அட்லசை விரித்துப் பார்த்தேன். தெற்கே மலைமுகடு மதில் மாதிரி மறித்து நிற்கிறது, உங்கள் ஆறு வடக்கே இறங்கி ரைன் நதியோடு சேர்ந்து ஒல்லாந்துக் கடலுக்குப் போகிறது. என்னோடு அறையில் இருக்கிற அலெக்ஸாண்டர் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "யாழ்ப்பாணத்திலை ஆறு எங்கையடா கண்டனீ? மாரிக்கு ரெண்டு கிழமை ஓடுற வழுக்கியாறு ஒண்டுதானே! நீயோ சுவிஸ் ஆத்துக்குத் திசை காட்டுறாய்?" என்று கேட்டார். மலையும் இல்லாத ஆறும் இல்லாத ஊரில் நில அளவை படித்தவன் நான். உன் ரீச்சருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இதற்குள் வைத்திருக்கிறேன், பிழை என்னுடையது என்று. கட்டாயம் கொடு.

அந்தப் பள்ளத்தாக்கில் என்ன கிடக்கிறது, மாடும் பனியும்தானே, கனடா விசா வந்துவிட்டது, சித்திரையிலேயே வாருங்கள் என்று போன மாதம் ரெலிபோனில் கத்தினேன். உன் கட்டுரையின் தமிழ்ப் பிரதியை அதுவரை முழுக்க வாசிக்கவில்லை, வரைபடத்தை மட்டும் பார்த்துத் திருத்தியிருந்தேன். இப்போது மூன்று தரம் வாசித்துவிட்டேன். றோட்டு வருமுன் கோவேறு கழுதையில் உப்பும் வைனும் கணவாய் தாண்டி வந்தது, நிற்கவே ஏலாத சரிவில் புல் வெட்டுவது, கோடையில் எல்லோருடைய மாடும் ஒன்றாக மேலே ஏறுவது, ஒரு நாள் குறித்து ஒவ்வொரு மாட்டின் பாலையும் அளந்து அந்தக் கணக்குக்குச் சீஸ் பங்கிடுவது, பிறகு அணைக்கட்டு வந்து மின்சாரத்தால் கொஞ்சப் பேருக்குச் சம்பளம் வந்தது, எல்லாம் விளங்கியது. ஆனால் ஆண்கள் வெனிஸ் வரை போய் இனிப்புக்கடைகளில் வேலை செய்ததைச் சொல்லிவிட்டு நீ ஒரு வரி எழுதியிருந்தாய்: "அந்தக் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு மாட்டாலும் வைக்கோலாலும் தூரத்தில் இருந்த அப்பாமாராலும் வாழ்ந்தது." அதில் நின்றுவிட்டேன். அந்த அப்பாமார் திரும்பி வந்தார்களா என்று நீ எழுதவில்லை.

ஏஜென்சிக்காரன் உங்கள் இருவரையும் கனடாவுக்கு என்று கூட்டிவந்து சுவிசில் விட்டுவிட்டுப் போனது உன் குற்றம் இல்லை. அங்கே கால் ஊன்றியதும் குற்றம் இல்லை. ஆனி முடியப் பள்ளி முடித்து, மாடு ஏறுவதையும் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று எழுதியிருக்கிறாய். சரி. விசா ஆவணி பத்து வரை செல்லும். ஏழு வருசம் பொறுத்தவனுக்கு மூன்று மாதம் பெரிதா என்று அலெக்ஸாண்டர் மாமா கேட்கிறார். பெரிதுதான். ஆனாலும் சரி. கனடாப் பாஸ்போட் போன கிழமை கைக்கு வந்தது, இனி நானும் பயணம் செய்யலாம். நான் வேலை செய்கிற மிசிசாகா ஒஃபிசில் மனேஜர் முகத்தைச் சுளித்தார், இரண்டு கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் தனியே வர வேண்டாம். பள்ளி முடிகிற கிழமை நான் அங்கே வருகிறேன், மூவரும் சேர்ந்து புறப்படுவோம்.

அதுவரை இரவில் தலை நனைக்காதே, அம்மாவுக்குக் கடைச் சாமான் தூக்கிக் கொடு. முருகன் உங்கள் இருவரையும் கூடவே இருந்து காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நான் உங்களை ஊரில் விட்டுவரும்போது உனக்கு மூன்று வயது, படங்களில் உன் உயரம் தெரிவதில்லை. நான் பஸ்ஸால் இறங்கும்போது அம்மாவுக்குப் பின்னால் ஒளியாமல் முன்னுக்கு வந்து நில். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கும்.

உன் அன்பு அப்பா,
மகேஸ்வரன்