கையால் பேசிய பிள்ளை

டீச்சர்,

நேற்று குடோனில் சிவப்பு சோப்புப் பெட்டி ஒன்று மழையில் நனைந்து உடைந்துவிட்டது. அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் வீட்டு வாசல் கண்முன் வந்து நின்றது. நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. அடக்கத்துக்கு வர முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் ராயபுரத்தில், மாதா கோவிலுக்குப் பின்தெருவில், உங்கள் முன்னறைதான் பள்ளிக்கூடம். துறைமுகத்து நிலக்கரித் தூசி ஒட்டாத பிள்ளைக் கை அந்தப் பக்கம் கிடையாது. வாளிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு கையாகப் பிடித்து அந்த சோப்பைத் தேய்ப்பீர்கள். "வாஷ், ரப், இன்னும் ரப். இன்னாடா கண்ணு, கையா இது, கரி மூட்டையா?" பிள்ளைகள் சிரித்துக்கொண்டே "ரப், ரப்" என்னும். உங்கள் இங்கிலீஷ் பாடம் அப்படித்தான் தொடங்கும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் தெற்கேயிருந்து வெறுங்கையோடு வந்து மளிகை மண்டி போட்டவன். இங்கிலீஷ் தெரியாமல் துறைமுக ஆபீசில் நான் நின்ற நிற்பை என் மகள் நிற்கக் கூடாது என்றுதான் நாலு வயதிலேயே உங்களிடம் அனுப்பினேன். ஒருநாள் மற்றத் தாய்மார் நிற்கும்போதே கேட்டேன்: "டீச்சர், இங்கிலீஷுக்குத்தான் பிள்ளைய அனுப்புதேன். இந்தக் கலீஜ் தமிழ் எங்க கடை வாசல்லயே சும்மா கிடைக்கு."

நீங்கள் தலை நிமிரவில்லை. ஒரு பையனின் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "கெடைக்கட்டும் அண்ணாச்சி. கொயந்த மொதல்ல சிரிக்கட்டும், அப்பால பேசும்."

கலப்படம் இருந்தால் சரக்கு நிற்காது என்பது நான் கடையில் படித்தது. அதையே வீட்டுக்கும் கொண்டுபோனேன். "இனி பாப்பாகிட்ட தமிழ்ல ஒரு வார்த்தை பேசப்படாது, கேட்டியா? இங்கிலீஷ் மட்டுந்தான்" என்றேன் என் மனைவியிடம்.

"எனக்குத் தெரியாதே?"

"தெரியலைன்னா சும்மா இரி."

சும்மா இருந்தாள். சாப்பிடக் கூப்பிட விரலைக் குவித்து வாயில் காட்டினாள். தூங்கச் சொல்லக் கன்னத்தில் கை வைத்தாள். பாப்பா வாய் திறந்தால் உதட்டில் விரல் வைத்தாள். ராத்திரி நான் வந்து எனக்குத் தெரிந்த "கம், சிட், குட்" மூன்றையும் சொல்லிவிட்டுப் படுப்பேன். மாடியில் சத்தமே இல்லாததைக் கீழே கடையில் இருந்து கேட்டு, வீடு ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு மத்தியானம் குடையோடு கடைக்கு வந்தீர்கள். "அண்ணாச்சி, வூட்ல வாய் பேச முடியாதவங்க யாராச்சும் கீறாங்களா?"

"ஏன் கேக்கிய?"

"பாப்பா கிளாஸ்ல கையாலதான் பேசுது. தண்ணி வோணும்னா கட்டவெரல வாயில வெக்குது. முன்னல்லாம் லொடலொடன்னு பேசிக்கினு இருந்த கொயந்த. காது கேக்கலியோன்னு பின்னால நின்னு தட்டத் தட்டிப் பாத்தேன். நல்லா கேக்குது."

அரிசி வாங்க நின்ற ஒருவர், "அண்ணாச்சி ஒருத்தரு பேசறதே அந்த வூட்டுக்குப் போதும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உங்களை மாடிக்கு அழைத்துப்போனேன்.

என் மனைவிக்கு "வாங்க" என்று சொல்ல உதடு பிரிந்தது. என்னைப் பார்த்தாள். உடனே மூடிக்கொண்டு, கையால் உங்களுக்கு நாற்காலியைக் காட்டினாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பாப்பாவும் அதேபோல் குட்டிக் கையை நீட்டி நாற்காலியைக் காட்டினாள். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். கள்ளத் தராசோடு சந்தையில் பிடிபட்டிருந்தால்கூட எனக்கு அப்படி உடம்பு கூசியிருக்காது.

நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தீர்கள். "யம்மா, இன்னிக்கி இன்னா கொயம்பு?"

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அவர இன்னாத்துக்குப் பாக்குற? கொயம்பு அவரா வெச்சாரு?"

"புளிக்கொழம்பு" என்றாள். குரல் கம்மி வந்தது. பாப்பா அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி, ரகசியம் போலக் கேட்டாள்: "அம்மா, இனிமே பேசலாமா?" கேட்டது அம்மாவிடம். பார்த்தது என்னை.

படியிறங்கும்போது நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "நாளையிலேர்ந்து அம்மாவும் வரட்டும். அவங்க தமிழ்ல கத சொல்லட்டும், நான் அதையே இங்கிலீஷ்ல சொல்றேன்." என் மனைவி எதற்கு வருகிறாள் என்று மற்றவர்கள் கேட்டபோது, ஒத்தாசைக்கு வருகிறாள் என்று சொல்லிவைத்தீர்களாம். நீங்கள் தெருவில் சொல்லிச் சிரித்திருந்தால் எனக்கு லேசாகப் போயிருக்கும். சொல்லவே இல்லை. எதிரில் வந்தால் "பாப்பா இன்னிக்கி நல்லாப் பாடிச்சு அண்ணாச்சி" என்பீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

மகள் இன்று பெரிய ஆபீசில் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுகிறாள். "அண்ணாச்சி, நல்லா படிக்க வெச்சீங்க" என்கிறார்கள். தலையாட்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தால் தாயும் மகளும் அடுக்களையில் மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் உள்ளே கால் வைத்ததும் அந்தப் பேச்சு ஒரு நொடி நின்று, பிறகு தொடரும். நிற்பது அவர்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும் டீச்சர். அதனால் இப்போதெல்லாம் செருப்பைக்கூடக் கழற்றாமல், அவர்கள் பேசி முடிக்கும்வரை மாடிப்படியிலேயே நின்றுகொள்கிறேன்.