ஈரல் ருசி மாத்திரை

என்னங்க,

நீங்கள் வெளியூர் கிளம்பி ஒன்பது நாளாகிறது. நாய்க்கு உங்கள் புதுப் புழு மாத்திரையைத் தவறாமல் கொடுத்து வருகிறேன். அதில் ஈரல் ருசி சேர்க்க ஆய்வகத்தில் இரண்டு வருஷம் பாடுபட்டீர்களே, அது வீண்போகவில்லை. என் கையையும் சேர்த்து நக்கித் தீர்க்கிறது.

அதன் வயிற்றுப் புழு போட்ட முட்டைதான் என் ஈரலுக்குள் போய்க் கட்டியாக வளர்ந்திருக்கிறது. எனக்கு மட்டும் அதே பழைய மாத்திரை. வாயெல்லாம் கசப்பு, அரை நாள் குமட்டல். அதற்கு ருசி சேர்க்க உங்களுக்குத் தோன்றவில்லை.

நாயைப் பார்த்தா பொறாமை என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். தினமும் போனில், "நல்லா மென்னு தின்னுச்சா? வாயத் தொறந்து பாத்தியா?" என்று எவ்வளவு கரிசனம்!

நேற்று, "எனக்கும் ஒரு மாத்திரை இருக்குங்க" என்றேன்.

"நீ என்ன வாயில்லா ஜீவனா? நீயே போட்டுக்க மாட்டியா?" என்று போனை வைத்துவிட்டீர்கள்.

என் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது.

நாயின் அட்டவணையில் ஒரு கட்டம் விடாமல் டிக் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கூடவே என் மாத்திரை அட்டையும் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள். நீங்கள் கிளம்பிய நாளிலிருந்து அதில் ஒன்றுகூடக் குறையவில்லை.

இப்படிக்கு,
வாயுள்ள ஜீவன்