இரும்புக்கு ஏன் கல் என்று பேர்

என் வீட்டுக்காரிக்கு,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் காகிதம். முட்டுக்காட்டில் உன் அம்மாவுக்கு இன்னுமா துணை தேவைப்படுகிறது? சரி, அதை விடு.

சின்னவள் ஒரு கேள்வி கேட்டாள். "இது இரும்புதானேப்பா, ஏன் தோசைக்கல்லுன்றோம்?" எனக்குத் தெரியவில்லை. என்னோடு சிறுசேரிக்கு வண்டி ஓட்டுகிற தீனதயாளன், அந்தக் காலத்தில் நிஜக் கல்லில்தான் சுட்டிருப்பார்கள், கல் போய்ப் பேர் மட்டும் தங்கிவிட்டது என்கிறான். கீழ்வீட்டு விஜயகுமாரி, கல் மாதிரி கனக்கிறதே, அதனால்தான் என்கிறாள். ஒருத்தர் பேசும்போது அவர் சொல்வதுதான் சரியென்று படுகிறது. அப்புறம் இரண்டும் குழம்பிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய் என்று நானாக நினைத்துக்கொண்டு, அந்தக் கல்லைச் சோப்புத்தூள் போட்டு, கம்பி நாரால் பளபளவென்று தேய்த்து வைத்தேன். நீ வரவில்லை. மறுநாள் ஊற்றிய தோசை ஒன்றுகூடக் கல்லை விட்டு எழும்பவில்லை. விஜயகுமாரி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாண்ணா பண்ணி வச்சிருக்க? அக்கா பதினாறு வருஷமா பழக்கின கல்லு!"

அழுக்கு என்றல்லவா நினைத்தேன்.

தினமும் வெங்காயத்தை வெட்டி, எண்ணெயில் தொட்டுத் தேய்க்கிறேன். இன்னும் ஒட்டுகிறது. கல்யாணமான புதிதில் நீ இதை எத்தனை நாளில் பழக்கினாய்? பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றேன், அதையும் கவனிக்கவில்லை.

சின்னவளுக்கு நீயே வந்து பதில் சொல்.

இப்படிக்கு,
இன்னும் பழகாத
உன் வீட்டுக்காரன்