இரண்டு புள்ளி வைத்த கார்புரேட்டர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று மறக்காமல் எழுது. போனில் பேசினால் நான் பாதியில் தடுமாறிவிடுகிறேன், அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் தாளை எடுத்தேன். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று முதலிலேயே வரிசை போட்டுக்கொண்டேன்.

1. அம்மாவின் நிலவரம்.
2. உன் மாமா என் கார்புரேட்டரைக் களவாடியது.
3. அதற்கு நான் அவனுக்குச் செய்தது.
4. என் ஞாபகம் நன்றாகவே இருக்கிறது, நீ சொன்ன டாக்டர் தேவையில்லை என்பது.
5. உன் வண்டிக்குச் சில யோசனைகள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள். ஆனால் மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைக்கும் சத்தத்திலேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறாள். உன் மாமா அவள் கூடப்பிறந்த தம்பி அல்லவா, அவளைக் குறை சொல்ல முடியாது. காரணம் மூன்றாவதில் வரும்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு தூசிப் பக்கம் போகக் கூடாது என்றதால் என் பழைய மோட்டார் சைக்கிளை நாலு மாதம் உன் மாமாவின் கொட்டகையில் விட்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அவனிடமும் அதே ஆண்டு, அதே மாடல் வண்டிதான் இருக்கிறது. என் வண்டி திரும்பி வந்ததும் உதைத்துப் பார்த்தேன், கிளம்பியது, ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஸ்லோவில் நிற்கவில்லை, இருமி இருமி அணைந்தது. கார்புரேட்டரைக் கழற்றி அடியில் பார்த்தால் மூன்று புள்ளிகள். நான் கைவைத்துச் சரிசெய்யும் ஒவ்வொரு பாகத்தின் அடியிலும் பஞ்ச் உளியை வைத்துத் தட்டிப் புள்ளி போடுவேன், எண்ணிக்கை பாகத்துக்குப் பாகம் மாறும், அந்தப் பஞ்சின் நுனி உடைந்திருப்பதால் புள்ளி வட்டமாக விழாமல் பிறை மாதிரி விழும், வேறு யாராலும் அதைப் போட முடியாது. என்னுடைய கார்புரேட்டரில் இரண்டு புள்ளி என்பது என் மனதில் ஆணி அடித்தது போல இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அவன் வீட்டுக் கொட்டகைக்குப் போய், அவன் வண்டிக்கடியில் முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு புள்ளி. இரண்டும் பிறை. அப்படியானால் என்னிடம் இருப்பதில் மூன்றாவது புள்ளி எப்படி வந்தது? என்னைக் குழப்புவதற்காக என் பஞ்சையே எடுத்து அவன் ஒன்று கூட்டித் தட்டியிருக்கிறான் என்று முடிவு செய்தேன்.

சண்டை போட எனக்கு வராது. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், ஏம்ப்பா, கார்புரேட்டர் ரெண்டும் கை மாறிடுச்சு, உன் வண்டில இருக்கிறது என்னோடது என்று. எங்கள் பழைய வண்டிச் சங்கத்து ஆட்கள் எட்டுப் பேர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் வீட்டுக்குள்ளே இருந்த அம்மாவைப் பார்த்து, அக்கா, அத்தானுக்கு மறை கழண்டுடுச்சு, ஒரு ஸ்பேனர் எடுத்துட்டு வா என்று கத்தினான். சங்கச் செயலாளர், மீசை என்று எல்லாரும் கூப்பிடும் அந்தத் தையல்காரர், டீயைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டு சிரித்தார். அதோடு விட்டானா? வண்டிய ஓட்டுறதுக்கு வாங்குறவனப் பாத்திருக்கேன், துடைக்கிறதுக்குன்னே வாங்குனவரு உலகத்துலயே எங்க அத்தான் ஒருத்தர்தான் என்றான். நான் ஒன்பது வருஷம் துருவைச் சுரண்டி எழுப்பிய வண்டியை! அம்மா சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். என்னைக் கவலையோடு பார்த்தாள், அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தாள், நீயும் உடனே ஞாபகமறதிக்கு ஒரு டாக்டர் இருக்கிறார் என்று சொன்னாய். உன் மேல் கோபமில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து எதைச் சொன்னாலும் ‘தப்பாகவும் இருக்கலாம்’ என்று சேர்த்தே சொல்லி வந்த நான், முதல் தடவையாக அதைச் சேர்க்காமல் சொன்னபோது என்னைக் கிழவனாக்கிவிட்டார்களே என்று வயிறு எரிந்தது.

பதினோரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவன் வீட்டுக்கு வந்தால் நாற்காலி போட்டேன், என்ன அத்தான், தலை சுகமா என்று கேட்டால் சுகம்தான் என்றேன். சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இந்த முறை முதல் பரிசு அவன் வண்டிக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. சங்க விதிகளை எழுதியவன் நான், ஒன்பதாம் விதி யாருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கு இருந்தது. ஒரு பாகம் தன்னுடையது என்று உறுப்பினர் ஒருவர் அடையாளம் சொன்னால் நடுவர் அங்கேயே கழற்றிப் பார்க்க வேண்டும், உண்மையானால் வண்டி விலக்கப்படும். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்ல வேண்டியதைத் தினமும் சொல்லிப் பழகினேன். போன ஞாயிறு, நடுவர் அவன் வண்டியில் முதல் பரிசின் நீல ரிப்பனைக் கட்டி முடிக்கும் வரை காத்திருந்தேன். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். கட்டியதை அவிழ்க்க வேண்டும் என்றே காத்திருந்தேன். பிறகு கையைத் தூக்கினேன். மைக்கை வாங்கி, பழகி வைத்த வார்த்தைகளிலேயே அடையாளத்தைச் சொன்னேன்.

நடுவர் பழைய ரயில் என்ஜின் டிரைவர், விளையாட்டுத்தனம் கிடையாது. கழற்றினார், திருப்பினார், இரண்டு பிறையையும் எல்லாருக்கும் காட்டினார். உன் மாமாவின் முகம் கறுத்துப்போனது. என்ன அத்தான் இது, நீங்கதானே எனக்குக் குடுத்தீங்க என்றான். எப்போ என்று கேட்டேன். வருஷமெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்கா என்றான். அப்படியா மச்சான், மறை கழண்டுடுச்சா, ஸ்பேனர் வேணுமா என்று மைக்கிலேயே கேட்டேன். மைதானமே சிரித்தது. மகளே, அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். ரிப்பனை அவிழ்த்தார்கள், ஒரு வருஷம் அவனைச் சங்கத்திலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கார்புரேட்டர் இல்லாத வண்டியை மைதான வாசல் வரை அவன் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான், மீசை உட்பட ஒருவரும் கை கொடுக்கவில்லை. நான் நிழலில் நின்று கடைசி வரை பார்த்தேன். வாசல் மேட்டில் வண்டி இரண்டு முறை பின்னால் உருண்டது. மூன்றாவது முறையும் உருளட்டும் என்று நினைத்தேன்.

இப்போது நான்காவதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை, நடந்ததே சாட்சி. ஞாபகம் கெட்டவன் பதினோரு வாரம் ஒன்றை மனதில் வைத்திருப்பானா?

நீ வாங்கியிருக்கும் பழைய வண்டியைக் குளிர்காலம் முழுக்க நிறுத்தப்போவதாகச் சொன்னாய். பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருப்பதை வடித்துவிடு. நாலு மாதம் அப்படியே நின்றால் பெட்ரோல் பிசினாகி ஜெட்டின் நுண்துளையை அடைத்துக்கொள்ளும், பிறகு வண்டி ஸ்லோவில் நிற்காது. நடு ஸ்டாண்டில் நிறுத்து, இல்லாவிட்டால் டயர் ஒரே இடத்தில் தட்டையாகும். எல்லாம் ஒரிஜினல் என்று சத்தியம் செய்கிற வியாபாரியிடம் எதுவும் வாங்காதே. மாப்பிள்ளையைப் பின்னால் ஏற்றும்போது மெதுவாகப் போ. இருவரும் எந்தக் குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும். போன மாதம் கேட்ட போட்டோவை இன்னும் அனுப்பவில்லை, அனுப்பு.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அப்பா

கையெழுத்துப் போட்ட பிறகு மறுபடி எழுதுகிறேன். நீ நம்புவதற்காக, இரண்டு புள்ளி போட்ட தேதியை, செய்த வேலைகளையெல்லாம் குறித்துவைக்கும் என் நோட்டைப் பார்த்து எழுதி இதோடு வைக்கலாம் என்று எழுந்தேன். அலமாரியில் ஆறாவது நோட்டு. என் கையெழுத்துதான், தெளிவாக இருக்கிறது: “பழைய இரும்புக் கடையில் கிடைத்த இரண்டு கார்புரேட்டரும் தயார். இரண்டு புள்ளி, மைத்துனனுக்கு, பிஸ்டன் தேடிக் கொண்டுவந்து கொடுத்ததற்காக. மூன்று புள்ளி, எனக்கு.” அதன் கீழே அவனுடைய கோணல் எழுத்தில், “பெற்றுக்கொண்டேன், நோட்டு வாத்தியாரே.” ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி.

மைதானத்தில் அவன் சொன்னது நிஜம். அவன் கொடுத்த அந்தப் பிஸ்டன் இன்றும் என் வண்டிக்குள்தான் ஓடுகிறது. என் வண்டி இருமியது நாலு மாதம் நின்று பிசினான பெட்ரோலால்தான், உனக்கு எழுதிய யோசனையிலேயே அது இருக்கிறது, எழுதும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நோட்டை அம்மாவிடம் காட்டினேன். படித்தாள், மூடினாள், போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, வர்றீங்களா இல்ல நான் மட்டும் போகட்டுமா என்று வாசலில் நிற்கிறாள். அவள் தம்பியிடம் நான் போகத்தான் வேண்டும். நடுவரிடமும் போக வேண்டும், அதே மைக்கில் இதைப் படிக்க வேண்டும், அதற்கு என் குரல் நிற்குமா தெரியவில்லை.

வரிசையில் இரண்டாவதாக எழுதியது தவறு. அவன் களவாடவில்லை. நான்காவது சரியா தவறா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, என்னைப் பார்க்க அந்த டாக்டரிடம் ஒரு நாள் கேட்டு வை.