கலண்டர் தெளிவாக விழுந்த படம்

வெள்ளவத்தை,
09.03.2025

அன்பு மகள் மிதுனாவுக்கு,

பிள்ளையார் துணையில் நானும் அம்மாவும் சுகம். நீ அந்தக் குளிருக்குள் வேலைக்குப் போய்வருவதை நினைத்துத்தான் அம்மாவுக்குக் கவலை. அவவுக்குப் பிரஷர் இப்போது பரவாயில்லை, எனக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கதைப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

வியாழக்கிழமை மருமகன் பிரசாந் முகம் கறுத்துப்போய் வந்தார். உன்னிடம் வருவதற்கான விசாவுக்குக் கொடுத்த உங்கள் கலியாண எழுத்துப் படங்கள் எல்லாவற்றின் மூலையிலும் 2014 ஜனவரி முதலாம் திகதி என்று இருக்கிறதாம். முப்பது நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் மறுத்துவிடுவார்களாம். அந்த வருடம் உனக்குப் பதினான்கு வயது! பிழை என்னுடையது, பிள்ளை. அலுமாரிக்குள் கிடந்த உன் பழைய டிஜிட்டல் கமராவுக்குப் புதுப் பற்றரி போட்டதும் அது தன்பாட்டில் பழைய திகதிக்குப் போய்விட்டது. படத்தில் திகதி விழுந்தால் விசாவுக்கு நல்லது என்று நானே தேடிப்பிடித்து அந்த செற்றிங்கைப் போட்டேன், என்ன திகதி விழுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. மருதானை றெயில்வே ஒபிசில் முப்பத்து நாலு வருடம் திகதி முத்திரை குத்தினவன் நான். எல்லாத்துக்கும் நாள் பாக்கிற மனுசன் கமராவில நாள் பாக்கேல்லையே என்று அம்மா தொடங்கினவ இன்னும் நிற்பாட்டவில்லை. வெட்கமாய் இருந்தது.

மெமரி கார்டைக் கொண்டு படம் பிறின்ற் அடிக்கும் முர்ஷித்தின் கடைக்குப் போனேன். அங்கிள், அஞ்சு நிமிஷத்துல எல்லாத்துலயும் திகதிய மாத்தித் தாறேன், ஒருத்தருக்கும் வெளங்காது என்றான். உனக்குப் பொய் சொல்லக்கூடாது, என் மனமும் ஒருக்கால் ஆடியது. பிடிபட்டால் உள்ளதும் போய்விடும், வேண்டாம் என்று சொல்லி, அறுபத்தொரு படத்தையும் ஒவ்வொன்றாய்ப் பெரிசாக்கிக் காட்டச் சொன்னேன். அதில்தான் நீ அழிக்கச் சொன்ன படம் வந்தது. நீ கையெழுத்து வைக்கிறாய், பிரசாந் பக்கத்தில் நிற்கிறார், ஃபோகஸ் உங்களை விட்டுச் சுவருக்குப் போய்விட்டது. அப்பா, எங்களை விட்டிட்டு சுவரையெல்லே எடுத்திருக்கிறியள் என்று அன்றைக்குக் குதித்தாயே, அதுதான். அழிக்கப் போய் மற்றதுகளும் போய்விடும் என்ற பயத்தில் விட்டிருந்தேன். மற்றப் படங்களில் பிளாஷ் பட்டு எங்கள் வீட்டுச் சுவர்க் கலண்டர் வெளிறிக் கிடக்கிறது. இதில் சூம் பண்ண, 2024 செப்டம்பர் 12 வியாழன் என்று பளிச்சென்று நிற்கிறது! விவாகப் பதிவிலும் அதே திகதிதான். அந்தக் கலண்டரைக் கழற்றச் சொல்லி அம்மா அன்று காலை முழுக்க நச்சரித்தா. நான் முதல்நாள் தாளை மட்டும் கிழித்துவிட்டு அப்படியே விட்டேன்.

கமராவில் திகதி வைக்காதது என் பிழை என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, அந்தப் படத்தோடு பிரசாந்திடம் கொடுத்துவிட்டேன். விசா அலுவல் பார்க்கும் சட்டத்தரணி பார்த்துவிட்டு நம்பிக்கையாய் இருங்கோ என்றா. நல்லாய் விழுந்த அறுபதும் உதவவில்லை, நீங்கள் இரண்டுபேரும் மங்கலாய் விழுந்ததுதான் உதவப்போகிறது. பிரதி ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன், இனிமேல் அதை அழி என்று சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இரண்டுபேரும் ஒரு வீட்டில் விளக்கேற்றி நீடூழி வாழ வேண்டும். மருமகன் அங்கே வந்து இறங்கியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு. உங்கள் முகம் தெளிவாக விழுந்தால் போதும், திகதியை நான் இங்கே கலண்டரில் எழுதிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
க. சிவபாதசுந்தரம்